மிச்சக் கோழிகள்

சுப்புத்தாய்க்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கனவில் அம்மன் வந்து வெற்றிலைச் சாறு கொடுத்தாள் என்பார் ஒருத்தர். அதெல்லாம் புளுகு. அவளுக்குப் பாட்டு தீப்பெட்டி ஆபீசில் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மானாவாரிக் காட்டில் களை எடுத்துப் பிழைத்த குடும்பம். மழை பொய்த்த வருசம் பள்ளிக்கூடத்துப் பையைப் பிடுங்கி மூலையில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கருக்கலில் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். குச்சி அடுக்கும் சட்டத்துக்கு முன்னால் தூங்கி விழுந்தால் கணக்குப்பிள்ளை முதுகில் ஒன்று வைப்பான். தூங்காமல் இருக்க வேண்டுமென்றால் பாட வேண்டும். தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்துபோனதும் அவளே கட்ட ஆரம்பித்தாள்.

எம். புதுப்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்த பிறகு பட்டாசுக் கம்பெனி. புருசன் காமராஜ் அதே கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். நல்லவன், வாயில்லாப் பூச்சி. அவன் தங்கச்சி மாரித்தாய், கட்டினவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அடுத்த வீட்டில்தான் இருந்தாள். மதினியும் நாத்தனாரும் ஒரே வேனில் போவார்கள், ஒரே ரூமில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைப்பார்கள், விரலெல்லாம் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுமினுக்கத் திரும்பி வருவார்கள். வந்ததும் மாரித்தாய் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டு மதினி வீட்டு வாசலில் நிற்பாள். தீப்பெட்டி விளைகிற சீமையில் இருந்துகொண்டு தீப்பெட்டி வாங்க மறந்துபோகிற பிறவி அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அதற்காக அவர்களுக்குள் தினமும் ஒரு சண்டை நடக்கும்.

அந்த ரூமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவரில் கொட்டை எழுத்தில் 'நான்கு நபர்கள்' என்று எழுதியிருக்கும். அது சட்டம். உள்ளே முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு பேர். அது சீசன். ஆய்வுக்கு அதிகாரி வண்டி திரும்புவது தெரிந்தால் வாட்ச்மேன் வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டைத் தட்டுவார். பேர் பதிந்த நாலு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். மிச்சப் பேர் பின்வேலிச் சந்தில் நுழைந்து கருவேலங்காட்டுக்குள் ஓட வேண்டும். அங்கே யாராவது கேட்டால், 'விறகு பொறுக்க வந்தோம்' என்று சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் போர்மேன் வெள்ளைத்துரை, உள்ளூர்க்காரர்தான். பேர் பதிந்த நாலு பேரில் அவர் பெண்சாதி பாண்டிச்செல்வியும் ஒருத்தி. சும்மாவா, போர்மேன் பெண்சாதி ஆயிற்றே!

வருசக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது. பெண்கள் கருவேல நிழலில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்த நேரமாவது கொஞ்சம் வெளிக்காற்று கிடைக்கிறதே என்று அவர்களுக்குச் சந்தோசம். கெட்டிக்காரத்தனமாக அடுத்தவனை ஏமாற்றுகிறோம் என்றே நினைத்தார்கள், பாவிகள். 'நாங்கள் இங்கே வேலை செய்கிறவர்கள் இல்லை' என்று தங்கள் வாயாலேயே சொல்லிப் பழகுகிறோம் என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. சுப்புத்தாய்க்கு மட்டும் கொஞ்சம் உறைத்தது. ஒருநாள் காட்டிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தவள், மருந்தை அடைத்துக்கொண்டே மெதுவாக எடுத்தாள்:

பஞ்சாரம் ஒண்ணுக்கு நாலு கோழின்னு
பலகையில எழுதி வச்சாக – அதில்
பன்னெண்டு கோழியப் புடிச்சடச்சு
பத்தரமா மூடி வச்சாக.

பூனைத்தொர வண்டி வருகுதுன்னா
பொறவேலி வழியா ஓடுன்னாக – பூனை
பாலக் குடிச்சிட்டுப் போனபின்னே
பழைய படிக்கும் அடைச்சுப்புட்டாக.

முட்ட இடுகிற கோழிக்கெல்லாம்
மூச்சு விடத்தான் எடமில்ல – அத
முழுங்கிக் கொழுத்த நரியாருக்கு
மூணு மாடியும் போதவில்ல.

ரூமே குலுங்கிச் சிரித்தது. மாரித்தாய்க்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த வெள்ளைத்துரை வாசல்படியில் நின்றபடியே கேட்டார்.

"ஏத்தா சுப்பு, நரின்னா யாரு?"

"நரின்னா நரிதாண்ணே. கோழியத் திங்கும்ல, அது."

"பூனை?"

"அது பால் குடிக்கும்ணே."

அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "இந்தச் செவத்துக்குள்ளயே பாடிக்கோ. வெளிய கேட்டுச்சு, உஞ்சோத்துலயும் மண்ணு, எஞ்சோத்துலயும் மண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அந்த ரூமில் அதுதான் பாட்டு.

சுனாமி வந்த மறு வருசம், ஆவணி மாசம். ஊரில் காளியம்மன் பொங்கலுக்கு முளை போட்டிருந்தார்கள். அதற்கு மறுநாள், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, தண்டவாளம் ஒலித்தது. பெண்கள் எழுந்து ஓடினார்கள். சுப்புத்தாய் வேலியைத் தாண்டிவிட்டாள். மாரித்தாய்தான் கடைசி. இவ்வளவு நெருக்கத்தில் இடறாமல் எப்படி ஓடுவது? யார் காலோ பட்டு மருந்துத் தட்டு தரையோடு உரசிக்கொண்டு போனது. பொரபொரவென்று ஒரு வெள்ளை வெளிச்சம், அதன் பிறகுதான் சத்தம்.

பேர் பதிந்த நாலு பேரும் முன்வாசல் வழியாகக் குதித்துத் தப்பித்தார்கள். மாரித்தாய் எரிகிற சேலையோடு பின்பக்கம் ஓடிவந்து வேலியோரம் விழுந்தாள். சுப்புத்தாய் திரும்பி ஓடி மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். "மதினி, கையி… மதினி, கையி…" என்று அவள் கத்தியதை அந்தக் காடே கேட்டது. இத்தனைக்கும் வந்தது அதிகாரி வண்டியே இல்லை. ஆர்டர் பேச வந்த வடக்கத்தி வியாபாரி ஒருவரின் வெள்ளை ஜீப். வாட்ச்மேன் தூரத்தில் பார்த்துத் தப்பாக நினைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வேன் கிளம்பும் முன் வெள்ளைத்துரை படிக்கட்டில் ஏறி நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. மாரித்தாயி வேலியோரமாத்தான் கெடந்தா. விறகு பொறுக்க வந்தவ. நம்ம கம்பெனி ஆளு இல்ல. பொங்கல் முடிஞ்ச மறுநாள் விசாரணைக்கு ஆபீசரு வாராரு. எல்லாரும் இதத்தான் சொல்லணும். சொன்னா ஆஸ்பத்திரிச் செலவ மொதலாளி பாத்துக்கிடுவாரு, கம்பெனியும் தொறக்கும். மாத்திச் சொன்னீக, கம்பெனிக்குச் சீலு. தீவாளிக்கு ஒரு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

மறுத்து என்ன சொல்வது? அவர் புதிதாக ஒரு பொய்யையும் செய்யவில்லையே. அவர்களே காட்டுக்குள் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சொன்னதைத்தான் எடுத்து நீட்டினார்.

சிவகாசி ஆஸ்பத்திரியில் மாரித்தாயின் இரண்டு கையும் தோள்வரை கட்டுப் போட்டுக் கிடந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எரிந்தவளுக்கு எதற்குக் காவல் என்று சுப்புத்தாய்க்கு விளங்கவில்லை. நர்ஸ் ஜெமிமாதான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்.

"அக்கா, உங்ககிட்ட யாரும் சொல்லலியா? இவுக வேலி தாண்டி உள்ள வந்தாகளாம், கையில தீப்பெட்டி வச்சிருந்தாகளாம், அதுலதான் தீப்பிடிச்சுதாம். கம்பெனியில எழுதிக் குடுத்துட்டாக. விசாரணையில எல்லாரும் அப்படியே சொல்லிட்டா இவுக மேலதான் கேசு."

"செலவப் பாத்துக்கிடுறேன்னு சொன்னாகளே?"

"இதுவரைக்கும் ஒரு ஆளு எட்டிப் பாக்கலக்கா. நான்தான் கட்டுப் போட்டேன். நகக்கண்ணெல்லாம் வெள்ளிப்பொடி. விறகு பொறுக்குனவுக கையில அது எப்படி வரும்? என்னயக் கேட்டா நான் சொல்லுவேன். ஆனா உள்ள உக்காந்திருந்தாகன்னு, கூட உக்காந்திருந்தவுகதான சொல்லணும்?"

சுப்புத்தாய் திரும்பக் கட்டிலுக்கு வந்தாள். மாரித்தாய் கண்ணைத் திறந்தாள்.

"மதினி, நான் தீப்பெட்டி கொண்டு போனேனாம்ல. என்கிட்டத் தீப்பெட்டி இருந்தா, நான் எதுக்கு நெதமும் ஒங்க வாசல்ல வந்து நிக்கேன்?"

சிரிப்பதற்காகச் சொன்னாளோ, அழுவதற்காகச் சொன்னாளோ. பஸ்ஸில் ஊர் திரும்புகிறவரை சுப்புத்தாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். அவள் கோழிப்பாட்டுக்கு அடுத்த அடியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

புதுப்பட்டியில் முளைப்பாரிக் கும்மிக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் பொழுது சாயும் நேரம், பாரியெல்லாம் நடுவில் இருக்க, பெண்கள் சுற்றி நின்று பேர் சொல்லிக் கும்மி அடிப்பார்கள். பாட்டெடுக்கிறவள் ஒரு பேரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்பாள். பேருக்குரிய ஆள் அம்மன் முன்னால் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறவரை தூக்கின கை தூக்கினபடி நிற்கும், பாரியை யாரும் எடுக்கக் கூடாது. ஆள் நழுவிவிட்டால் அவர் உப்பைத் தின்கிறவர் யாராவது வந்து சொல்ல வேண்டும். பெரும்பாலும் எல்லாம் கேலிதான்: கொழுந்தன் எடுத்துத் தந்த சேலை எங்கேடி, மருமகள் வைத்த குழம்பில் உப்பு எங்கேடி, இப்படி. ஆனால் முந்தின வருசம் ரேஷன் கடைக்காரரின் பேரைச் சொல்லி 'அரிசி எங்கே' என்று கேட்டபோது அவர் சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டார். எடை போடுகிற ஆள்தான் வந்து நடுங்கிக்கொண்டே, "மூட்ட வந்திருக்கு தாயே, நாளைக்குப் போட்டுருதோம்" என்றான். மறுநாள் போடவும் செய்தார்கள். அம்மன் முன்னால் சொன்ன வார்த்தையை மாற்றிப் பேச புதுப்பட்டியில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அந்த வருசம் பாட்டெடுப்பவள் சுப்புத்தாய். பொங்கலுக்கு மைக் செட்டும் அன்னதானமும் முதலாளி ஜெயச்சந்திரன் உபயம். விபத்து நடந்ததற்காக அதை அவர் நிறுத்தவில்லை. முன்னைக்காட்டிலும் பெரிதாகச் செய்தார். ஏன் என்று சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடைசி நாள் காலையில் வெள்ளைத்துரை சுப்புத்தாய் வீட்டுக்கு வந்தார்.

"சாயங்காலம் மொதலாளி வாராரு. அவரு பேரச் சொல்லி ஒரு கேள்வி வரணும். மைக்குச் செட்டு யாரு தந்தான்னு கேளு. அவரு என்ன சொல்லணும்னு நான் சொல்லிக் குடுத்திருக்கேன். நாளைக்கு விசாரணை, ஊரு நம்ம பக்கம் இருக்குன்னு தெரியணும்ல. கோழிப்பாட்டு மட்டும் மூச்சு விடப்படாது, ஆமா."

"சரிண்ணே. பேரு வந்துரும்."

அவர் போனதும் காமராஜ் அவள் கையைப் பிடித்தான். பேசாதவன் அன்று பேசினான்.

"உம்மூஞ்சியப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. என்னமும் செஞ்சிராத. ரெண்டு பேரு வேலையும் போயிரும். மொதலாளிமாரு ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டா இந்த வட்டாரத்துல ஒரு கம்பெனி கேட்டுலயும் நம்மள ஏத்த மாட்டாக."

"ஒங்க தங்கச்சியக் களவாணின்னு எழுதி வச்சிருக்காக. தீ வச்சவன்னு எழுதி வச்சிருக்காக."

"தெரியும்" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

சாயங்காலம் கோயில் வாசலில் கூட்டம் நெரிந்தது. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர்வரை கேட்கும். வெள்ளைச் சட்டையில் முதலாளி வந்து, முன்வரிசையில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் கைகட்டி வெள்ளைத்துரை. வட்டத்தில் பாண்டிச்செல்வி, அந்த ரூமில் இருந்த மிச்சப் பெண்கள், இன்னும் ஊர்ப்பெண்கள். சுப்புத்தாய் இரண்டு மூன்று கேலிப் பேர்களைச் சொல்லிப் பாடி, கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டு, முதலாளி பக்கம் திரும்பினாள்:

மைக்குச் செட்டு கேட்டு நின்னோம் – அத
மனசார யாரு தந்தாக?
ஜெயச்சந்திர மொதலாளி – உங்க
திருவாயால சொல்லுங்கய்யா.

முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்தார். மைக்கை வாங்கி, "அம்மனுக்கு நான்தான் தந்தேன். வருசா வருசம் தருவேன்" என்றார். குலவைச் சத்தம் கிளம்பியது. வெள்ளைத்துரை முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது. முதலாளி உட்காரப் போனார். சுப்புத்தாய் அடுத்த பேருக்குப் போகவில்லை.

பஞ்சாரம் ஒண்ணுக்கு நாலு கோழின்னு…

வட்டம் தடுமாறியது. இரண்டு பேர் கை தட்டினார்கள், இரண்டு பேர் நிறுத்திவிட்டார்கள். பாண்டிச்செல்வியின் முகம் வெளுத்தது. வெள்ளைத்துரை மைக் செட்டுக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார், நிறுத்து என்று. அவன் அம்மனைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பேசாமல் இருந்துவிட்டான். கும்மி நடக்கும்போது குழாயை நிறுத்தினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? பூனை வந்தது, நரி வந்தது. கூட்டத்தில் முதலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. சுப்புத்தாயின் குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை.

பஞ்சாரம் பத்தி எரிஞ்சதுல – ஒரு
பாவி மகளுந்தான் வெந்தாளே – அவ
பஞ்சாரத்துக் கோழி இல்லையின்னு
பட்டப் பகலுல சொன்னாக.

நாலு கோழி பேரு எழுதியிருக்கு – அந்த
மிச்சக் கோழியெல்லாம் யாரு?
ஜெயச்சந்திர மொதலாளி – அம்மன்
முன்னால சொல்லுங்க, கேட்டுக்குவோம்.

தூக்கின கைகள் தூக்கினபடி நின்றன. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி முதலில் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் என்ன, வெளியூர்க்காரரா? வழக்கம் தெரியாதவரா? முதல் கேள்விக்குப் பதில் சொன்ன வாய்தானே? செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, முக்கியமான பேச்சு மாதிரி தலையை ஆட்டியபடியே கூட்டத்தை விலக்கி நடந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

பெண்களின் கை வலித்தது. ஒருத்திகூட இறக்கவில்லை. முளைப்பாரி நடுவில் வெளிர்பச்சையாக நின்றது. இப்படியே விட்டால் பாரி எடுக்க முடியாது, பொங்கல் வைக்க முடியாது, ஊருக்கே ஆகாது. தங்கச்சி மாதிரி இருந்தவளுக்காக ஊர்ச் சாமியையே நிறுத்திவிட்டோமே, நாளைக்கு ஊரே என் முகத்தில் காறித் துப்புமே என்று சுப்புத்தாய் நினைத்தாள். அப்போது வட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பாண்டிச்செல்வி. கையை இறக்காமல், புருசனைப் பார்த்தபடி கேட்டாள்.

"பேருக்காரரு போயிட்டாரு. அவரு உப்பத் தின்ன ஆளு இங்கன யாரு இருக்கீக?"

வெள்ளைத்துரை நின்ற இடத்திலேயே நின்றார். கூட்டம் தானாக அவருக்கு வழி விட்டது. அதுதான் கொடுமை, யாரும் அவரைத் தள்ளவில்லை. அவரே நடந்து வந்து, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார். மைக் பக்கத்தில்தான் இருந்தது.

"பன்னெண்டு பேரு தாயே. மாரித்தாயி உள்ளதான் இருந்தா. எம் பொண்டாட்டிக்குப் பக்கத்துல. நாந்தான் உக்கார வச்சேன். நாந்தான் ஓடச் சொன்னேன். தீப்பெட்டி அவ கையில இல்ல."

குழாய் ஸ்பீக்கர் அதை அடுத்த ஊர்வரை கொண்டுபோனது. பாண்டிச்செல்விதான் முதலில் கையைத் தட்டினாள். அப்புறம் எல்லாக் கைகளும் தட்டின.

மறுநாள் விசாரணையில் அதிகாரி கேட்டபோது வெள்ளைத்துரை அதையே சொன்னார். வேறு எதையும் அவரால் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய், நானும் உள்ளேதான் இருந்தேன் என்றார்கள். சொல்லும்போது அழாதவள் கிடையாது. போலீஸ்காரர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனி ஆள் என்று மாரித்தாயின் பேர் ஏறியது. காமராஜ் சொன்னதும் நடந்தது. எந்தக் கம்பெனி கேட்டிலும் அவர்களை ஏற்றவில்லை, வெள்ளைத்துரையையும் ஏற்றவில்லை. அவர் ஊர் எல்லைக் கிணற்றடியில் ஒண்டியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

சுப்புத்தாய் தூக்குவாளியில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பாடியும் காட்டினாள். ஜெமிமாகூட வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டாள். மாரித்தாய் சந்தோசப்படுவாள் என்று நினைத்தாள். அவள் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டாள்.

"மதினி, வெள்ளைத்துர அண்ணனுக்கு இனி யாரு வேல குடுப்பா?"

சுப்புத்தாய் கஞ்சியை ஆற்றி, அவள் வாயில் ஊட்டினாள்.